தளும்பலுக்காகக் காத்திருந்த வீடு

டாக்டர், என் அக்கா கணவரான மச்சானின் தொடை வீக்கத்தில் ஒரு பக்கம் இடக்கை விரல்கள் இரண்டை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை வலக்கை விரலால் மெல்ல அழுத்தினார். பிறகு கைகளைக் குறுக்கே திருப்பி வைத்து அதையே மறுபடி செய்தார். ஓர் ஓரத்தில் தட்டிவிட்டு மறு ஓரத்தில் பதிலுக்குக் காத்திருக்கலாம், உடம்பைக்கூட இப்படிக் கேள்வி கேட்கலாம் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

"ஃப்ளக்சுவேஷன் இல்ல" என்றார். "சீழ் திரண்டிருந்தா இங்க அமுக்கினா அங்க தளும்பும். தளும்புற அன்னைக்குக் கீறிரலாம். அதுவரைக்கும் ஊசி போடுவோம். யாரும் கை வைக்காதீங்க."

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்திருந்தேன். அந்தச் சொல் எனக்குப் பழக்கம்தான். ஆய்வகத்தில் மீட்டரின் முள் நடுங்கினால் அதுதான் ஃப்ளக்சுவேஷன். அடங்கினால்தான் அளவெடுக்க முடியும். மச்சானுக்கோ அது தோல் மண்டியின் அன்றாடம். காலையில் ஒரு விலை, அசர் தொழுகைக்குப் பிறகு ஒரு விலை. "ஏறும், இறங்கும், அதுக்கு எதுக்கு மாப்ள பயம்" என்று சிரிக்கிற மனிதர். இப்போது அசையாத ஒன்றைப் பார்த்து வீடே பயந்தது. காய்ச்சல் மட்டும் பொழுது சாய ஏறி, விடிந்ததும் இறங்கியது. கரண்ட் குறைந்து பல்பு மங்கும்போதெல்லாம் அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ இரண்டும் ஒரே கம்பியில் ஓடுவதுபோல.

நாகல் நகரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அத்தனை பேரும் தோல் வியாபாரிகள். கட்டைவிரலால் அமுக்கியே பதம் சொல்கிறவர்கள். டாக்டர் எதைத் தேடுகிறார் என்று அத்தா ஒவ்வொருவரிடமும் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் ஒரு கட்டைவிரல் தொடைக்குப் போய்விடும்.

"லேசா ஆடுற மாதிரி இருக்கே."

"இல்ல மாமு, இன்னும் பதம் வரல. செத்த நேரம் கையை எடுங்க, நான் பாக்குறேன்."

"நான் என்ன உப்புப் போட்ட தோலா?" என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அமுக்குனதுதான் அமுக்குனீங்க, வெலையையும் சொல்லிட்டுப் போங்க." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்தவர் அமுக்கினார்.

ஒருநாள் காலை வீக்கம் வடிந்திருந்தது. வத்திப்போச்சு என்று அம்மா ஃபாத்திஹா ஓதச் சொல்லிச் சர்க்கரை பங்கிட்டாள். டாக்டர் வந்தபோது அவர் கையிலும் கொஞ்சம் கொடுத்தாள். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, வடிந்த இடத்தைத் தொட்டார். விரல்களை மேலே, இடுப்பை நோக்கி நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று அழுத்தினார். அவருடைய இடக்கை விரல்கள் தாமாக எழும்பியதை நான் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் வேண்டிக்கொண்ட தளும்பல் அதுதான். அதைப்போல ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

"யாரு அமுக்குனது?"

அறையில் இருந்தவர்கள் கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்கள்.

"வத்தல. சீழ் மேல ஏறியிருக்கு."

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்சவன்ல, சொல்லு. காலை எடுத்துருவாங்களா மாப்ள?" விலைக்குப் பயப்படாத அந்தக் கண்களில் அன்று பார்த்ததை நான் எழுதப்போவதில்லை.

அன்று மதியமே கீறினார்கள். கால் தப்பியது; தொடைத் தசை இறுகி, முழங்கால் மடங்குவது நின்றுபோனது. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, காலை நீட்டியபடி தொழுகிறார்.

நான் பட்டத்தை முடித்துவிட்டு மருத்துவம் படிக்க வந்தேன். எங்கள் வார்டில் இப்போது வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார், முதுகில் வீக்கம். "கீறலாமா வேணாமான்னு நாளைக்கு நீ பார்த்துச் சொல்லு" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். என் விரல் நடுங்கினால், தளும்பியது அவர் உடம்பா என் கையா என்று எப்படித் தெரியும்? என் அறையில், அவர் முதுகுக்குப் பதிலாக, ரப்பர் சுடுதண்ணீர்ப் பையில் நீர் நிரப்பி, மேலே துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறேன். முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே. கை அடங்கும்வரை செய்து பார்க்கப்போகிறேன்.