இடம் வலம் மாறிய குறி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிறவன் நான். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். நீங்கள் இதை நம்பாவிட்டால் போகட்டும், ஆனால் என் மகளைப் போல "அப்பாவுக்கு அப்ப நித்திரை இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல்நாள் இரவு நான் ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

2009 மே மாதம். யுத்தம் முடிந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வன்னியில் பட்டிமாடு வளர்த்த என் அண்ணனிடமிருந்து நாற்பத்தேழு நாட்களாக ஒரு சேதியும் இல்லை. கடல் கடந்து வந்து மகளோடு இருந்த வெக்ஸ்போர்ட் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நான் இருந்தது மருமகன் முரளிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உதிலையே இருந்தா போன் வந்திடுமே? வெளிக்கிடுங்கோ" என்று ஒரு தீவுப் பூங்காவுக்குக் கொண்டுபோனார். இரண்டரை மணித்தியாலம் கார், பதினெட்டு நிமிடம் படகு. மான் பார்க்கிற நேரமா அது?

அந்தத் தீவு ஒருகாலத்தில் பெரிய மாட்டுப் பண்ணையாம். இப்போது மானும் நரியும் வாத்தும்தான். தான் பிறக்க முன்னரே கடைசி மாடும் போய்விட்டது என்று அங்கே வேலை செய்த நரைத்த பெண் சொன்னதை, எனக்கு ஆங்கிலம் தெரியாதது போல, முரளி திருப்பிச் சொன்னார்.

மத்தியான வெயிலில் மான்களை எண்ணிக்கொண்டு நடந்தேன். பதினான்கு. முரளி கழிப்பறை தேடிப் போய்விட்டார். பதினைந்தாவது மான் என்று திரும்பினால், பழைய வேலிக்கட்டையோடு ஒரு பசு. திமில் வைத்த சிவப்புப் பசு, நம்முடைய ஊர்ப் பசு. தொடையில் 'ம' என்ற எழுத்து, இடம் வலம் மாறி.

வன்னியில் மாட்டின் தொடையில் சொந்தக்காரரின் எழுத்தைச் சுடுவார்கள். அண்ணன் மயில்வாகனத்துக்காக அந்த எழுத்தைக் கடதாசியில் வரைந்து கொல்லரின் கம்மாலையில் கொடுத்தவன் நான். சுடுகிற கம்பியில் எழுத்து தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்க வேண்டும் என்று இந்தக் கணித வாத்தியாருக்குத் தோன்றவில்லை. கொடுத்தபடியே வளைத்துவிட்டார்கள். "படிச்ச தம்பி எழுதினது, பிழை எண்டாலும் கிடக்கட்டும்" என்று அண்ணன் அதை மாற்றவேயில்லை.

கிட்டப் போய்த் தொட்டேன். அண்ணன் கன்றிலேயே சுட்டுவிடுவார். இதுவோ வளர்ந்த பசு, ஆனால் சூடு புதிது. மயிர் கருகிய மணம். விரலில் ஈரம் ஒட்டியது.

"மாமா, ஆரோடை கதைக்கிறியள்?"

முரளியைத் திரும்பிப் பார்த்தது ஐந்து வினாடி இருக்காது. பிறகு வேலிக்கட்டை மட்டும்தான் நின்றது.

படகில் என் கையை அவர் மூக்கருகே நீட்டினேன். "உது பாபெக்யூ மணம் மாமா" என்கிறார்! தீவில் நெருப்பு மூட்டத் தடை என்ற பலகையை எனக்கு வாசித்துக் காட்டியவரே அவர்தான்.

அண்ணன் இன்றுவரை வரவில்லை. வருடா வருடம் மகள் "திவசம் குடுப்பம் அப்பா" என்கிறாள். அந்தச் சூட்டை வைத்த கை யாருடையது என்று முதலில் சொல்லட்டும். அதுவரை எள்ளும் தண்ணீரும் இறைக்கமாட்டேன்.

அந்தத் தீவுக்குப் போய் ஆறு வாரம் கழித்து முகாமிலிருந்து அண்ணி தொலைபேசியில் பேசினார். அவிழ்த்துவிட்ட மாடுகளைப் பார்த்துவருகிறேன் என்று அண்ணன் பதுங்குகுழியை விட்டுப் போனாராம்.

"உடுப்பு எடுக்கேல்லை, தண்ணி எடுக்கேல்லை, தம்பி. குறிக்கம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போறார். உதேன் இப்ப எண்டு கேட்டன். ஒரு மாடு குறியில்லாமல் நிக்குதாம்."