துப்பக்கூடாத வேலை

சிதம்பரத்தில் பவானியைத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் அவள்மேல் ஒரு குறை உண்டு. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தலையில் ஒரு கிள்ளு பூ இல்லாமல் வேலைக்குப் போகிறாளே, இது என்ன பழக்கம் என்பார்கள். பவுடர் கிடையாது. தலைக்கு எண்ணெய்கூடப் பேருக்குத்தான். காலை ஆறே முக்கால் பஸ்ஸில் கடலூர் போய், அங்கிருந்து கம்பெனி வேனில் புதுச்சேரி எல்லையைத் தாண்டுகிறவளுக்கு அலங்காரம் ஒரு கேடா என்று அவளும் சொல்லி வைத்திருந்தாள். அது பொய். வாசனையோடு வருகிறவர்களை அவள் வேலை பார்க்கும் அறைக்குள் விடமாட்டார்கள்.

பவானி பீர் ருசி பார்க்கிறவள். சிரிக்க வேண்டாம், இதுவும் ஒரு உத்தியோகம்தான். மைக்ரோபயாலஜி படித்துவிட்டு, பாட்டில் கழுவுகிற தண்ணீரைச் சோதிக்கத்தான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். ஒரு நாள் ஏதோ மாதிரியை மோந்து பார்த்துவிட்டு, "சார், வெண்ணெ கெட்ட வாடை வருது" என்று சொல்லித் தொலைத்தாள். மிஷின் அதையே கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. அன்றோடு அவளுடைய மூக்கும் நாக்கும் கம்பெனிச் சொத்தாகிவிட்டன. ஒன்பது வருஷமாகிறது.

இதில் ஒரு சங்கடம். ஒயின் பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடலாம். பீரைத் துப்பக்கூடாது. கசப்பு எப்படி இறங்குகிறது என்பது தொண்டையைத் தாண்டினால்தான் தெரியும். அதனால் விழுங்கியே ஆகவேண்டும். காலை பத்து மணிக்கு நாலு கிளாஸில் நாலு மடக்கு. லேசான சரக்கு. மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டால் போன இடம் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் வாயில் சோம்பு வாசனை மட்டும்தான் இருக்கும்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது. கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் சந்திரலேகாவுக்கும் தெரியாது. அம்மா தண்ணீர் டெஸ்ட் பண்ணுகிறாள் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். புருஷன் காத்தவராயனுக்குத் தெரியவே கூடாது.

காத்தவராயன் குடித்தான். ஏதோ விசேஷத்துக்குக் குடிக்கிற குடியா அது? பொழுது விடிந்தால் குடி. லாரி ஓட்டுகிற வேலை போயிற்று, மரியாதை போயிற்று, பல்லில் இரண்டு போயிற்று. கடைசியில் பவானி அவனை அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்ட வைத்தாள். பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சூடத்தின்மேல் சத்தியம் செய்வது. டாக்டர் சொன்னாலும் கேட்காதவன் இந்தப் பக்கத்தில் அந்தக் கயிற்றுக்கு மட்டும் பயப்படுவான். காத்தவராயனும் பயந்தான். பதினான்கு மாதமாகத் தொடவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்து வேனை ஓட்டுகிறான். காலையில் பதினேழு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் போவான். சாயங்காலம் சோறும் ரசமும் அவனே வைத்துவிடுவான்.

ஒரு தடவை கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரனின் வாய்வாடை பட்டதற்கே அன்றிரவு முழுக்கத் தூங்காமல் புரண்டான். "பக்கத்துல வாடை வந்தா என்னால முடியாது பவானி. காலு தானா கடைக்குப் போயிரும்" என்று பிள்ளைபோல அழுதான். அதிலிருந்து பவானிக்குத் தன் வாயே ஒரு பாம்புப் புற்று. பஸ்ஸை விட்டு இறங்குமுன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்க்காத நாள் கிடையாது. ஒன்பது வருஷம் வேலை பார்த்த அலுப்பைவிட, இந்தப் பதினான்கு மாதம் ஊதிப் பார்த்த அலுப்பு அவளுக்குப் பெரிது.

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. விஸ்கி வைத்திருந்த பழைய மரப்பீப்பாய்கள் இரண்டை வாங்கி, அதில் கறுப்பு ஏல் ஊற்றி எட்டு மாதம் போட்டு வைத்திருந்தார்கள். ஏல் என்பது பீரில் ஒரு தினுசு. இது சாதாரண பீரைப்போல இரண்டு மடங்கு வீரியம். அன்றைக்குத்தான் திறந்து பார்க்கிற நாள். காலை பத்துக்கு என்று சொன்னார்கள். பார்க்க வரவேண்டிய பெங்களூர்க்காரர்களின் கார் திண்டிவனத்தில் நின்றுபோனது. பதினொன்றாயிற்று, ஒன்றாயிற்று, அவர்கள் வந்து சேர மூன்றரை ஆயிற்று.

இனிமேல் விழுங்கினால் வீடு போய்ச் சேருமுன் வாடை போகாது என்று பவானிக்குத் தெரியும். தயாரிப்பு மேலாளர் செந்தமிழ்செல்வனிடம் போய் நின்றாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன்.

"சார், நாளைக்குக் காலையில வச்சுக்கலாமா?"

"அவுங்க இன்னைக்கே திரும்பணும்கா. பாட்டில்ல அடைக்கிறதா, இன்னும் நாலு மாசம் போடுறதான்னு நீங்க சொன்னாத்தான் முடிவு. உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல சார்."

என்னவென்று சொல்வாள்? என் வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிடுவார் என்றா?

கிளாஸில் ஊற்றியபோது அது இஞ்சின் ஆயில்போல இறங்கியது. மேலே பழுப்பு நுரை. மூக்கை வைத்தாள். வறுத்த காப்பிக்கொட்டை, கருகின வெல்லப்பாகு, அதற்குப் பின்னால் கொப்பரை. நனைந்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் விஸ்கி, ஒளிவுமறைவில்லாமல். வாயில் வைத்தாள். துப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். எதிரே ஐந்து பேர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினாள். நெஞ்சு வரைக்கும் சூடு போனது. கசப்பு வந்து, இனிப்பு வந்து, கடைசியில் மரம் மட்டும் நின்றது.

இரண்டு பீப்பாய்க்கும் மூன்று மூன்று சுற்று. "ரெண்டாவது பீப்பா ரெடி சார். மொதலாவது இன்னும் மரம் தூக்கலா இருக்கு, ரெண்டு மாசம் போகட்டும்" என்றாள். பெங்களூர்க்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. ஒன்பது வருஷத்தில் எதையும் அவள் குடித்ததில்லை, ருசி பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இன்றைக்குக் கிளாஸை வைத்தபிறகும் கை அதைத் தேடியது. இன்னும் ஒரு மடக்கு. யாரும் கேட்கப் போவதில்லை. அடப்பாவி, இதற்குத்தானா இத்தனை வருஷம் அவனைத் திட்டினேன் என்று நினைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் வேனுக்குள் ஏறிப் பைகளைத் துழாவிவிட்டு இறங்கினார். பாட்டில் இருந்தால்தானே பிடிப்பார்? கடலூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று முறை வாய் கொப்புளித்தாள். மோர் குடித்தாள். கிராம்பு மென்றாள். உள்ளங்கையில் ஊதினால் விஸ்கி அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் பூக்காரி கண்ணில் பட்டாள். நாலு முழம் குண்டுமல்லி வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். அந்த மல்லியை மீறி எந்த வாடை வரும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

பஸ்ஸில் எப்போதும் போலப் பரங்கிப்பேட்டை ஆரிபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடலூரில் டைலர் கடையில் வேலை பார்ப்பவள், நாலு வருஷத்துப் பழக்கம். "என்னா பவானி, மருந்து வாடை அடிக்குது?" என்றாள்.

"இருமல் மருந்து."

"மருந்து ஜாஸ்தி குடிக்காத. தூக்கம் வரும்" என்று சொல்லி, ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிட்டாள். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முட்லூரில் இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா இல்லையா என்று பவானிக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் தெம்பில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழாகவில்லை. காத்தவராயன் அடுப்பில் ரசத்தை ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள்.

"பூவெல்லாம் வச்சிருக்க? என்னா விசேஷம்?"

"சும்மாதாங்க. வாங்கணும்னு தோணுச்சு."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல வடிந்தது. பூண்டைக் கீழே வைத்தான்.

"நாலு முழம் இருக்கும்போல. குடிச்ச அன்னைக்கெல்லாம் நான் உனக்குப் பூ வாங்கியாருவன், நெனப்பிருக்கா? பூ ஜாஸ்தியா இருந்தா குடியும் ஜாஸ்தின்னு நீதான சொல்லுவ?"

பவானி நின்ற இடத்திலேயே நின்றாள். ஊரில் யாரை ஏமாற்றினாலும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவனிடமே வந்து காட்டியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இங்க வா" என்றான்.

போனாள். உட்கார்ந்தாள். மறைக்கிற பலம் அவளிடம் மிச்சமில்லை. "வேலைங்க. தண்ணி டெஸ்ட்டெல்லாம் எப்பவோ போச்சு. ருசி பாக்குறதுதான் என் வேலை. துப்பக்கூடாது, முழுங்கணும். காலையில முடிஞ்சிரும், இன்னைக்கு லேட்டாயிருச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க மறுபடியும்..."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கை நீட்டினாலும் நீட்டுவான் என்று நினைத்தாள். அவன் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊது" என்றான்.

சந்தேகம் தீரட்டும் என்று ஊதினாள்.

காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருந்தான். "விஸ்கி" என்றான். "ஆனா நம்ம கடை சரக்கில்ல. மரம் இருக்கு. என்னமோ பெரிய எடத்துது." இத்தனை குழைவான குரலை அவள் பதினான்கு மாதமாகக் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள்.

"இன்னொரு வாட்டி ஊது."

"வேணாங்க."

"நான் குடிக்கவா போறன்? வாடைதான. ஒரே ஒரு வாட்டி, பவானி."

அவள் சடாரென்று எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். உள்தாழ்ப்பாள் போட்டு, பூட்டையும் மாட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். கடை எட்டு நிமிட நடை. இன்றைக்கு இவனை வெளியே விடக்கூடாது. நாளைக்குக் காலையில் பதினேழு பிள்ளைகள் வாசலில் பையோடு நிற்கும். கதவில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினாள்.

அவள் மூச்சு வாங்க வாங்க அவன் கிட்டே வந்தான். கதவுக்கு அந்தப் பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயோ, அவன் தேடுவதைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

பவானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கையால் தடவிப் பூட்டைத் திறந்தாள். வெளியே போய், கதவை இழுத்து, வெளிப்பக்கம் பூட்டிப் படியில் உட்கார்ந்தாள். தெருவில் டியூஷன் முடிந்து சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. எத்தனை மணி நேரத்தில் வாடை போகும் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதைப் பாடம் எடுத்தவளே அவள்தான். விடியக்காலம் மூன்று மணியாகும். கால் கடுத்தது. பசித்தது. உள்ளே ரசம் கொதித்துச் சுண்டுகிற வாசனை வந்தது. அடுப்பை அணைங்க என்று சொல்லக்கூட அவள் வாயைத் திறக்கவில்லை.

உள்ளிருந்து கதவின்மேல் அவன் சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது, அந்தக் குழைவான குரல்.

"பவானி, கிட்ட வந்து கதவோரமா உக்காரேன்."

இந்த வார்த்தைக்கு அவள் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள்! இன்றைக்கு அவன் கூப்பிடுவது தன்னையா, தன் வாயில் இருப்பதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையை இன்னும் இறுக்கி வாயில் அழுத்திக்கொண்டு, இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தாள்.