எட்டாவது கவர்

என் மகள் தவழத் தொடங்கிய மாதத்தில் எங்கள் வீட்டுப் பணம் முழுவதும் பத்து மொய்க் கவர்களில் இருந்தது. ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஃபேன்சி கடையில், வெயில் பட்டு வெளுத்துப்போன கவர்க் கட்டு ஒன்றைப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரு கட்டுக்குப் பத்துக் கவர். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தது. ஆக, நாணயம் பத்து ரூபாய், காகிதம் இரண்டு ரூபாய். இவ்வளவு லாபமான கொள்முதலை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு, மனைவிக்கு இருபத்தொன்று. ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்கி, ரசாயனம் அளந்து ஊற்றிவைக்கும் வேலை எனக்கு. சம்பளம் நாலாயிரத்து இருநூறு. சம்பளம் வாங்கிய அன்றே அதைக் கவர்களில் பிரித்துப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுவேன். ஒன்று வாடகை, ஆயிரத்து ஐநூறு. இரண்டு பால், நானூற்றைம்பது. மூன்று மளிகை, தொள்ளாயிரம். நான்கு காய்கறி, முந்நூற்றைம்பது. ஐந்து கேஸ், முந்நூறு. ஆறு கரண்ட், நூறு. ஏழு குழந்தை, முந்நூற்றைம்பது. எட்டு மொய், நூறு. ஒன்பதாவதில் 'அப்புறம்' என்று எழுதி நூற்றைம்பது. பத்தாவது, சேமிப்பு. அதில் இருந்த சேமிப்பு முகப்பில் ஒட்டியிருந்த நாணயம் மட்டும்தான்.

"வாடகைக் கவரத் தெறந்து அரிசி வாங்கினா அரிசி வேகாதா?" என்று என் மனைவி கேட்பாள். வேகும், ஆனால் ஒழுங்கு கெட்டுவிடும் என்பேன். எண் வரிசைப்படி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைப்பேன். இருட்டில் கைவிட்டாலும் எண்ணி எடுத்துவிடலாம் என்று அவளிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அந்த மாதம் வாடகைக் கவர்தான் எங்களுக்கு உயிர். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து என்று வாடகை மாதக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் பத்தாம் தேதி தாண்டுச்சுன்னா என் மச்சினன் மகனுக்கு ரூம விட்டுருவேன். அவன் பெட்டியக் கட்டி வச்சுட்டு ஒக்காந்துருக்கான்." உள்ளேயே தண்ணீர்க் குழாய் உள்ள அறை அந்த வாடகைக்கு ஒத்தக்கடையில் வேறெங்கும் இல்லை. நான் விசாரித்துப் பார்த்திருந்தேன். பதினான்கு வீடு.

சனிக்கிழமை மாலை சம்பளம் வந்தது. வாடகையைத் திங்கட்கிழமை காலை கொடுப்பதாக இருந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அன்று எங்கள் கல்லூரி ஸ்டோர் கீப்பரின் மகளுக்குக் கல்யாணம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள மண்டபத்தில். அவர் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். மொய் செய்யாமல் இருக்க முடியாது.

கிளம்பும் அவசரத்தில் கைவிட்டு எண்ணினேன். எட்டாவது கவரை உருவினேன். சட்டைப் பையில் வைத்தேன். திருப்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் மொய் எழுதுகிற மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கவரைப் பிரித்துப் பணத்தை எண்ணி மைக்கில் சொல்வார், மற்றவர் நோட்டில் எழுதுவார். எங்கள் பக்கத்தில் மொய் ரகசியமில்லை. இன்று நான் செய்வதை நாளை என் வீட்டு விசேஷத்தில் அவர் திருப்பிச் செய்ய வேண்டும். அதற்கு ஊரே சாட்சி. முகப்பில் என் பேரை எழுதிக் கவரை நீட்டினேன். மைக் பிடித்தவர் ஓரத்தைக் கிழித்தார், மூன்று தாளை உருவினார், கவரைக் காலடிக் கூடையில் போட்டார். என் பேரைச் சொல்லி, மூச்சு விட்டு, "ஆயிரத்து ஐநூத்தி ஒண்ணு!" என்றார்.

என் பேரில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு தூண் இருந்தது.

அதற்குள் ஸ்டோர் கீப்பர் மணமேடையிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டார். "தம்பி! என்னப்பா இப்புடிச் செஞ்சுபுட்ட? என் கூடப்பெறந்தவனே ஆயிரத்தி ஒண்ணுதான் எழுதிருக்கான்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியிருந்தது, காரணம் வேறு. எழுதின மொய்யைத் திருப்பிக் கேட்பதென்பது எங்கள் ஊரில் கட்டின தாலியைத் திருப்பிக் கேட்பது மாதிரி. "அண்ணே, உங்களுக்குச் செய்யாம யாருக்குண்ணே செய்யப்போறேன்" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் என்னை அழைத்துப்போய் முதல் வரிசையில் சம்பந்தி பக்கத்தில் உட்காரவைத்தார்.

என் மனைவி குழந்தையோடு பெண்கள் பக்கம் இருந்தாள். மைக்கில் கேட்டதும் எழுந்து நின்றதைப் பார்த்தேன். எங்கள் கண் சந்தித்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துச் சிரித்து மூக்கு சிவந்திருக்கிறாள்.

"நேத்து பாலுக்கு எடுக்கக் கவரெல்லாம் தரையில வச்சேங்க, பாப்பா ரப்பர உருவி எல்லாத்தையும் எறச்சுப் போட்டுருச்சு. அள்ளி அப்புடியே வச்சேன்."

"வரிசையா வைக்கலயா?"

"நம்பர் போட்டுருக்குல்ல, பாத்து எடுப்பீங்கன்னு நெனச்சேன். இருட்டுல கைவிட்டாலும் எடுப்பேன்னீகளே!"

"இப்ப எப்புடிச் சிரிப்பு வருது உனக்கு?"

"வேற என்னங்க செய்ய? எலயப் பாருங்க. இது நம்ம வாடகை. ஒழுங்காச் சாப்பிடுங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாயசம் கொண்டுவந்தவரிடம் அவள் கை காட்டி, "இவுகளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி" என்றாள். பிறகு என் காதில், "பத்து ரூவா கழிஞ்சிருச்சு" என்றாள். வடை இரண்டாவது தடவை வந்தது. "இருபது." அப்பளம் வந்தது. "இருபத்திரெண்டு." நான் அப்பளத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போடக்கூடாது என்று வாதாடினேன். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், இவ்வளவு மகிழ்ச்சியாக மொய் செய்கிறவர்களைப் பார்த்ததில்லை என்பதுபோல் எங்களைப் பார்த்தார். கைகழுவப் போனபோது கணக்கு நாற்பத்தேழில் நின்றது. மேற்கொண்டு வயிற்றில் இடமில்லை.

வீட்டுக்கு வந்து கவர்களைத் தரையில் பரப்பினேன். மொய்க் கவரில் நூறு, 'அப்புற'த்தில் நூற்றைம்பது. மிச்சம் இருந்த ஒன்பது கவரிலும் நாணயத்தை உரித்தோம், ஒன்பது ரூபாய். ஆக இருநூற்று ஐம்பத்தொன்பது. மற்றக் கவர்களில் கைவைத்தால் பாலும் அரிசியும் போய்விடும். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று குறைந்தது. பத்தாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். அதுவரை அவர் மாடிப்படியில் நின்று கூப்பிடுவாரே தவிர ஏறி வந்ததில்லை.

"காலையில மைக்ல கேட்டேன்" என்றார்.

மண்டபத்து ஒலிபெருக்கி வேப்பமரத்தில் எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இனி மருந்து, காய்ச்சல் என்று எதையும் சொல்ல முடியாது. "அண்ணே, வாடகை…" என்று ஆரம்பித்தேன்.

"கையில இருக்காது. தெரியுது" என்றார். "உனக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுசன். செய்யணும்ல? என் தங்கச்சி வீட்டுக்காரன் இருக்கான், காரு வச்சுருக்கான், என் மகன் கல்யாணத்துக்கு எரநூத்தி ஒண்ணு எழுதுனான். நீ ஒத்த ரூம்ல கெடந்துக்கிட்டு ஆயிரத்து ஐநூறு செய்ற. அம்புட்டு மனசு யாருக்கு வரும்?"

நான் வாயைத் திறந்தேன். என் மனைவி பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

"இருபத்தஞ்சு வரைக்கும் வச்சுக்க. ஆனா இருபத்தாறு ஆச்சுன்னா மச்சினன் மகன் வந்துருவான். அப்ப மொய்யப் பாக்க மாட்டேன், மொகத்தையும் பாக்க மாட்டேன்."

அவர் கீழே இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் நாங்கள் தலையணையில் வாயை அமுக்கிக்கொண்டு சிரித்தோம். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவும் சிரித்தது.

மறுநாளே ஒரு சமையல் காண்ட்ராக்டரைப் பார்த்தேன். முகூர்த்த மாதம். பந்தியில் பரிமாற ஒரு வேளைக்கு நூற்றைம்பது, சாப்பாடு, போகும்போது ஒரு தேங்காய். வேனில் ஏற்றி இறக்கிவிடுவார்கள். எட்டு வேளை போனால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒத்தக்கடைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஊரறிய ஆயிரத்து ஐநூறு செய்தவன் சாம்பார் வாளியோடு நின்றால் வீட்டுக்காரர் காதுக்கு அரைமணியில் போய்விடும். காண்ட்ராக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கடன்காரன் தேடுறானா?" என்றார். "மரியாதை தேடுதுண்ணே" என்றேன்.

மாலையிலும் ஞாயிறு காலையிலுமாக ஐந்து வேளை சிரமமில்லாமல் போயிற்று. ஆய்வகத்தில் அளந்து ஊற்றிப் பழகிய கை என்பதால் எந்த இலையிலும் ரசம் ஓடவில்லை. ஆறாவது, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். இரண்டாவது பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது இலையில் ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்திருந்தார்.

கரண்டி வாளிக்கும் இலைக்கும் நடுவில் நின்றுவிட்டது. இவர் கல்லூரியில் சொல்வார். கல்லூரியில் பாதிப்பேர் ஒத்தக்கடைக்காரர்கள். அறை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. "தம்பி! நீ பொண்ணு வீட்டுக்கு வேண்டியவனா, மாப்ள வீட்டுக்கு வேண்டியவனா?"

நெருங்கிய சொந்தக்காரர்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிப்பார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். "ரெண்டு வீட்டுக்கும்ணே" என்றேன். இரண்டு வீட்டுக்கும் சாம்பார் ஊற்றினேன் என்கிற அளவில் அது உண்மை.

அவர் பக்கத்து இலைக்காரரை முழங்கையால் இடித்தார். "பாத்தியா? எவன் வீட்டு விசேசம்னாலும் தன் வீடா நெனச்சு ஓடி ஓடிச் செய்வான். என் மக கல்யாணத்துல எம்புட்டு செஞ்சான் தெரியுமா?" என்று தொடங்கினார். தொகையை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பதினைந்தாவது இலைக்குப் போய்விட்டேன். அன்று மட்டும் மூன்று இலையில் சாம்பார் ஓடியது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வீட்டுக்குமா! பொண்ணு பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்!" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மண்டப வாசலில் பூவால் எழுதியிருந்தது, படிக்கவில்லை.

எட்டு வேளை முடிந்தது. ஆயிரத்து இருநூறு. இன்னும் நாற்பத்தொன்று வேண்டும். எட்டுத் தேங்காய் மூலையில் கிடந்தது. என் மனைவி அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு கீழே போனாள். வீட்டுக்காரரின் மனைவிக்குத் தேங்காய் ஆறு ரூபாய் என்று விற்றுவிட்டு, நாற்பத்தெட்டு ரூபாயோடு ஏறி வந்தாள். "அவுக வாடகைய அவுககிட்டயே வாங்கிட்டேன்" என்று அவள் சொன்னபோது, பேச முடியாமல் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டோம்.

இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் கையில் ஆயிரத்து ஐநூறைக் கொடுத்தேன். ஐம்பதும் பத்தும் சில்லறையுமாக இருந்தது. அவர் எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.

"என்னப்பா, கோயில் உண்டியல ஒடச்சியா?"

"சரியா இருக்காண்ணே?"

"இருக்கு, இருக்கு. மச்சினன் மகன்கிட்ட எடமில்லைன்னு சொல்லிர்றேன். பெட்டியப் பிரிக்கட்டும்."

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். என் மனைவி வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்த அறை அகலம் பத்தடி, நீளம் பதினோரு அடி, அதில் கட்டிலும் அலமாரியும். இரண்டாவது சுற்றில் அவள் முழங்கை சுவரில் இடித்து, காரை பெயர்ந்து உள்ளங்கையளவு விழுந்தது. கீழே கேட்டிருக்குமோ என்று நான் பதறினேன்.

"கெடக்கட்டும்ங்க" என்றாள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே மூச்சிரைக்க. "நம்ம செவுருதான? அடுத்த பத்தாம் தேதி வரைக்கும், இன்னும் பதினஞ்சு நாளைக்கு நம்ம செவுருதான?"