பதில் சொல்லாத வீடுகள்

நேற்று அடுப்பில் என்ன வைத்தீர்கள் என்ற ஒரே கேள்வியை ஊர் ஊராகப் போய்க் கேட்டிருக்கிறேன். அதன் பின்னால் வேறு சில கேள்விகளும் இருந்தன. வீட்டில் யாராவது மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார்களா, கடைசியாகத் துணி எடுத்தது எப்போது, சோளம் என்ன விலைக்கு வாங்கினீர்கள், போன வருஷம் என்ன விலை. ஒரு கோடை முழுவதும் இதே வேலை. அந்தக் கோடை முடியும்போது எனக்கு என் குரலே பிடிக்காமல் போயிருந்தது.

பெரியாற்று அணை மலைக்கு மேலே எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான இரண்டாம் வருஷமே வாந்திபேதியில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். மாதா கோயில் சாமியார் இரக்கப்பட்டு அந்த வேலையைத் தந்திருந்தார். அவர்தான் ஒருநாள் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, மதராஸிலிருந்து வந்திருந்த ஒரு மனிதர் முன்னால் நிறுத்தினார்.

அவர் கல்லூரியில் பொருளாதாரம் கற்றுக்கொடுப்பவர். அப்போது அதை அர்த்தசாஸ்திரம் என்பார்கள். ஒல்லியாக இருப்பார். எப்போதும் கையில் குடை. வயிறு சரியில்லாதவர் என்பதால் மோரைத் தவிர வேறெதுவும் வாங்கிக் குடிக்கமாட்டார். அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கி, பெரியகுளம் வழியாக வண்டியில் ஆடிக் குலுங்கி வந்து, உத்தமபாளையத்தில் பயணிகள் தங்கும் முசாபரி பங்களாவில் இருந்தார்.

"மலைமேல வாராவாரம் கூலி கொடுக்கறாங்க," என்றார். "இவ்வளவு பணம் ஒரு பள்ளத்தாக்குக்குள்ள வந்தா, இங்க இருக்கறவங்க வாழ்க்கை உயரணும்னு புத்தகத்துல எழுதியிருக்கு. நானும் பையன்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கறேன். எழுதினவங்க யாரும் ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பார்த்ததா தெரியல. அதைத்தான் பார்க்க வந்தேன்."

அவர் தானாகவே சில நாள் முயன்று தோற்றிருந்தார். ஆண்களிடம் கேட்டால், ஏதோ புது வரி வரப்போகிறது என்று நினைத்து எல்லாரும் பஞ்சப்பாட்டுப் பாடினார்கள். அடுப்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும், அடுப்பங்கரைக்குள் அவர் போக முடியாது. அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும். அந்தப் பக்கத்தில் அப்படி அதிகம் பேர் இல்லை.

அப்பாவின் வண்டியையே வாடகைக்குப் பேசினார்கள். நான் தனியாக ஒரு ஆணோடு ஊர் சுற்ற முடியாது என்பதற்கும் அதுதான் வழி. அப்பா அரைமனதாகத்தான் ஒத்துக்கொண்டார். மலையடிவாரத்தில் அணைக்காரர்கள் போட்டிருந்த கேம்புக்கு அரிசியும் சுண்ணாம்பும் ஏற்றினால் இதைவிடக் கூடுதல் வாடகை. சாமியார் சொல்லைத் தட்ட முடியாமல்தான் வந்தார்.

மதராஸ்காரரை நான் அய்யா என்று கூப்பிட்டேன். வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் அய்யா ஒரு முறை வைத்திருந்தார். தெருமுனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, இத்தனைக்கு ஒரு வீடு என்று நுழையவேண்டும். வசதியான வீடு, இல்லாத வீடு என்று பொறுக்கக்கூடாது. "நாமளா பொறுக்கினா நமக்குப் பிடிச்ச பதில்தான் கிடைக்கும்," என்பார். இதை ஊராருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். விட்டுப்போன வீட்டுக்காரிகளுக்குக் கோபம். எங்க வீட்டுக்கு ஏன் வரலை, நாங்க என்ன குறைஞ்சுபோனோம் என்பார்கள். நுழைந்த வீட்டுக்காரிகளுக்குச் சந்தேகம். கையில் தாளைக் கண்டால் வரிக்கணக்கு எழுதும் கர்ணத்தின் ஆள் என்று வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் வெறுங்கையோடு போய், கேட்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வந்து, வண்டியடியில் உட்கார்ந்திருக்கும் அய்யாவிடம் ஒப்பிப்பேன். அவர் எழுதிக்கொள்வார். பிறகு அடுத்த வீடு.

சின்னமனூரில், உத்தமபாளையத்தில், கம்பத்தில், காமயகவுண்டன்பட்டியில் ஒரே மாதிரி வெயிலில் ஒரே மாதிரி நடந்தோம். சில வீடுகளில் மோர் கொடுப்பார்கள். சிலர் என் கதையைக் கேட்டு, இந்த வயதில் தாலியறுத்தவளா என்று அழுவார்கள். அவர்களைத் தேற்றிவிட்டுச் சோளத்தின் விலையைக் கேட்கவேண்டும். சில வீடுகளில் நான் வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். பதில் இல்லை என்று சொல்வேன். அய்யா தலையாட்டிவிட்டு அதற்கடுத்த வீட்டைக் காட்டுவார்.

கம்பத்தை முடிக்கும்போது அய்யா கொஞ்சம் உற்சாகமாக இருந்தார். நான் கொண்டுவந்த பதில்களில் அடுப்பு எரியாத வீடே இல்லை. பல வீடுகளில் புதுத்துணி. ஒன்றிரண்டு வீடுகளில் புதுப் பித்தளைக் குடம். புத்தகத்தில் இருப்பது சரிதான் போலிருக்கிறது என்றார்.

கூடலூரின் கடைசித் தெருவில்தான் அந்த வீடு வந்தது. கூரை வீடு. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் மலையில் கல் உடைக்கப் போயிருந்தான். நான் வாசலில் நின்று யாரென்று சொன்னதும், "வாங்க வாத்தியாரம்மா," என்று கூப்பிட்டுவிட்டு அவசரமாக உள்ளே போனாள். நான் குனிந்து நுழைந்தபோது அடுப்பில் புதிதாகச் சுள்ளி வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். மேலே பானை. மூடியிருந்தது.

"எங்க வீட்டுக்காரக அங்கன மலையில இருக்காக," என்றாள். "கூலி நல்லாத்தான் தாராக. கேம்புக் கடையிலயே அரிசிக்குப் பிடிச்சுக்கிருவாக. நடுவுல காய்ச்சல் வந்து கெடந்தாக. கெடந்த நாளுக்குக் கூலி இல்ல, தின்ன அரிசிக்கு மட்டும் பிடிப்பாகளாம்."

"இங்கன நீங்க வேலைக்குப் போறீகளா?"

"களை எடுக்கக் கூப்பிட்டாப் போவேன். இப்ப யாரும் கூப்பிடல."

"சோளம் என்ன வெலைக்கு வாங்குனீக?"

அவள் விலை சொன்னாள். அது போன வருஷத்து விலை. அந்த வருஷம் அந்த விலைக்குப் பள்ளத்தாக்கில் எங்கும் சோளம் கிடையாது. அப்போது பானை கொதித்து மூடி தட்டியது. ஏழெட்டு வருஷமாக அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஒரு பானைக்குள் என்ன கொதிக்கிறது என்பது சத்தத்திலேயே தெரியும். கஞ்சி கொதித்தால் கனத்த சத்தம் வரும். இது வெறும் தண்ணீர். விருந்தாள் வந்த நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கக்கூடாது என்று வைத்த தண்ணீர்.

நேற்று என்ன சமைத்தீர்கள் என்ற கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. "அந்த வீட்ட விட்டுருவோம் அய்யா," என்றேன். "பதில் சொல்லல."

"புகை வருதே. உள்ள கூப்பிட்டாங்களே."

 அவர் விடவில்லை. கடைசியில் பானையில் தண்ணீர்தான் இருந்தது என்று சொன்னேன். "அது அவக சொன்ன பதில் இல்ல அய்யா. மறைச்சத நான் பாத்துட்டேன். அத எழுதக்கூடாது."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு வண்டிச்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.  பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுவரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டாங்களே, அந்த வீடெல்லாம்?"

"அத எப்படித் தெரியும்?"

"அதுதான். நமக்குத் தெரியாது. கதவு திறந்த வீட்டுக்குள்ள மட்டும் போய், எல்லா வீட்லயும் அடுப்பு எரியுதுன்னு எழுதிட்டேன். சாப்பாடு இருக்கறவங்கதான் கதவைத் திறந்திருப்பாங்க. இல்லாதவங்க சாத்திக்கிட்டிருப்பாங்க. பதில் சொல்லாத வீடெல்லாம் ஒரே மாதிரி வீடா இருந்தா, நாம இவ்வளவு நாளா எழுதினது பூராவும் பொய்."

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார். "அப்ப மறுபடியும் சின்னமனூருக்கா?" என்றார். அய்யா ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை நான் மட்டும் அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நேத்துப் பாத்தத எழுதிக்கிடவான்னு கேட்டுப் போக வந்தேன்," என்றேன். "பேரு இருக்காது. ஊரும் இருக்காது."

"எழுதுனா சோளம் வெல எறங்குமா?"

"எறங்காது."

"பெறகு எதுக்கு?"

 அய்யா சொன்னதை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். நீங்கள் எழுத வேண்டாம் என்றால், நல்லா இருக்கிற வீடுகள் மட்டும்தான் எழுத்தில் இருக்கும், எல்லாரும் நல்லா இருக்கிறார்கள் என்று மதராஸில் படிப்பார்கள் என்றேன். அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்தாள்.

"எழுதச் சொல்லுங்க. ஆனா நாங்க சும்மா உக்காந்து பட்டினி கெடந்தோம்னு எழுதிரப்படாது. வேல தேடி நாயாப் பேயா அலைஞ்சோம்னு எழுதணும்."

அப்படியே சொன்னேன். அய்யாவும் அப்படியே எழுதினார்.

பிறகு வந்த வழியே திரும்பினோம். சாத்திய கதவுகளைத் தட்டினேன். கேள்வி கேட்காமல் முதலில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டேன். பாதிக் கதவுகள் திறந்தன. திறந்த வீடுகளில் பெரும்பாலும் அய்யா பயந்ததுதான் இருந்தது. கேம்பில் இருக்கிற ஆயிரக்கணக்கான வாய்களுக்காகக் கம்பம் சந்தையில் தானியத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். விலை ஏறியது. மலைக்கு ஆள் போன வீட்டில், கூடுதலாக வந்தது கூடுதல் விலைக்குச் சரியாகப் போனது. ஆள் போகாத வீட்டில், போய்க் காய்ச்சலில் திரும்பிய வீட்டில், சாப்பாடு குறைந்தது. நன்றாக இருந்தவர்கள் தானியக் கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும்தான்.

எங்கள் ஊருக்கு வந்தபோது அய்யா தெருமுனையிலிருந்து எண்ணினார். எண்ணிக்கை எங்கள் வீட்டில் வந்து நின்றது.

"இத விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரலாம்," என்றேன்.

"விடக்கூடாது. உங்களுக்கே தெரியும்."

அன்றைக்கு அவரே வாசலில் உட்கார்ந்து என்னைக் கேட்டார். நான் பல வீடுகளில் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை. நேற்று என்ன சமைத்தீர்கள். நெல்லுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவு பெண்களும் என் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. துணி எடுத்தீர்களா? எடுத்தோம். வீட்டில் புதிதாக என்ன வாங்கினீர்கள்? நான் அப்பாவைப் பார்த்தேன்.

அவர் கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்தார். அங்கேயிருந்தே சொன்னார். "ரெண்டாவது சோடி மாடு வாங்குனேன். எழுதிக்கங்க. கேம்புக்கு அரிசி ஏத்துன காசு. உழைச்சு வாங்குனது. யார் வயித்திலயும் அடிச்சு வாங்கல."

"யாரும் அப்படிச் சொல்லலையே," என்றார் அய்யா.

"நீங்க சொல்லல. இத்தன நாளா வண்டியில உக்காந்து கேட்டுக்கிட்டே வாரேன்ல. எனக்குப் புரியாதா?"

 அப்பா வைக்கோலை உதறிப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்று அப்பாவும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகும் அவர் கேம்புக்கு வண்டி ஓட்டினார். ஓட்டாமல் எப்படி இருப்பது? மாட்டுக்குத் தீனி வேண்டும். எங்களுக்கும் வேண்டும்.

ஆடிக்காற்று தொடங்கியபோது அய்யா ஊருக்குக் கிளம்பினார். அடுத்த வருஷம் அவர் எழுதியது இங்கிலீஷில் அச்சாகி வந்தது. சாமியார் படித்து அர்த்தம் சொன்னார். பள்ளத்தாக்கு மொத்தமாகப் பார்த்தால் உயர்ந்திருக்கிறது, உள்ளே பார்த்தால் பலர் தாழ்ந்திருக்கிறார்கள் என்று இருந்தது. கூடலூர் வீடு, பேரும் ஊரும் இல்லாமல், ஒரு வரியில் இருந்தது. வேலை தேடினார்கள் என்பதும் இருந்தது. கூடவே வைத்த கடிதத்தில், இதை மதராஸில் அறிஞர்கள் சபையில் வாசித்தபோது ஒரு பெரிய மனிதர் எழுந்து, பெண்களின் அடுப்படிப் பேச்சைச் சாஸ்திரத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்று சொன்னதாகவும், பலர் கைதட்டியதாகவும் எழுதியிருந்தார். தான் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதை எழுதவில்லை.

அணை முடிந்தது. தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி, எங்களைக் கடந்து மதுரைப் பக்கம் போனது. ஆற்றோரம் நிலம் வைத்திருந்தவர்கள் இரண்டு போகம் போட்டார்கள். அப்போது அய்யா மறுபடியும் எழுதினார். இந்த முறை அவரால் வர முடியவில்லை, உடம்பு சரியில்லை, அதே வீடுகளுக்கு அதே கேள்விகளோடு நான் மட்டும் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தார். அப்பாவிடம் சொன்னேன். வண்டியைப் பூட்டினார்.

போனோம். கூடலூரின் கடைசித் தெருவில் அந்தக் கூரை வீடு இல்லை. புருஷன் காய்ச்சல் குணமாகித் திரும்பி வந்ததாகவும், இரண்டு பேரும் மலைக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்படிப் போனவர்கள் நிறைய. இருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டு மோர் கொடுத்தார்கள், பதிலும் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதை அச்சிட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

திரும்பிவந்த மறுநாள் திங்கட்கிழமை. கால் வீங்கியிருந்தது. புதிதாக நாலைந்து பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். மணலைப் பரப்பி அவர்களை உட்காரவைத்து, ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்து எழுத வைத்தேன்.