உப்பில்லாத முப்பத்தோரு நாள்

கழனியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். அம்மாவின் முழங்கால் வரை இருந்த சேறு காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் பாதை வந்ததும் நான் திரும்பினேன், அவள் திரும்பவில்லை. உத்திரமேரூர் ரோட்டைப் பிடித்து நேரே போனாள். தண்ணீர்ச் சொம்போடு பின்னால் ஓடினேன். எனக்கு அப்போது பத்து வயது.

அன்று காலை நடவில் அம்மா மயங்கி விழுந்திருந்தாள். அந்த வாரத்தில் மூன்றாவது முறை. குனிந்து நடும்வரை ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் கண் இருட்டிவிடும். நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்: “நீ வூட்லயே கெடம்மே. நாளைக்கு வேற ஆளு போட்டுக்கறேன். சேத்துல குப்புற வுயுந்து செத்து வெச்சா யாரு பதில் சொல்றது?”

முந்தின வருஷம் பிறந்த தங்கை ஒன்பது நாளில் போய்விட்டாள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த அம்மா மாதக்கணக்கில் எழவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மனசுக்கென்று மாத்திரை கொடுத்தார். இரண்டாம் மாதம் ஒருநாள் எழுந்து என் தலையை வாரிவிட்டாள். மூன்றாம் மாதம் கழனிக்கு வந்தாள். கூடவே இந்தக் கிறுகிறுப்பும் வந்தது.

அத்தைக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. அம்மா ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிடுவாள் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். விரதத்துக்குக் காவல் நான். உப்புச் சாடியையும் ஊறுகாயையும் பரண்மேல் ஏற்றினேன். முந்தின நாள் அம்மா கஞ்சிக்கு ஒரு கல் உப்பு கேட்டபோது, “கண்ணு பூடும்” என்று மிரட்டினேன். அவ்வளவு அதிகாரம் அதற்குப் பிறகு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். எழும்போதெல்லாம் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு, கண் தெளியும்வரை நின்றாள். பிறகு, “வா, போலாம்.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், நிற்கவைத்து மறுபடி பார்த்தார். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்.

“நின்னா ரொம்ப இறங்குது. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறியா?”

நான் முந்திக்கொண்டேன். “முப்பத்தோரு நாளா உப்பே சேக்கல மேடம். நான்தான் பாத்துக்கினு கீறேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நல்லா பாத்துக்கிட்ட, போ.”

அப்போதுதான் அம்மா பேசினாள். “மாத்திரைய மட்டும் வுட சொல்லாதீங்க மேடம். வுயுந்தாலும் எழுந்துக்கறேன். மறுபடி அந்த செவுத்தப் பாத்துக்கினு படுக்க மாட்டேன்.”

“யார் நிறுத்தச் சொன்னது?” என்று அளவைக் குறைத்து, ராத்திரிக்கு மாற்றி எழுதினார். உப்பு போட்டுச் சாப்பிட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், எதிலிருந்தும் மெதுவாக எழ வேண்டும், கண் இருட்டினால் அங்கேயே உட்கார வேண்டும்.

திரும்பும்போது அம்மா ஒரு பாக்கெட் உப்பு வாங்கினாள். அம்மன் கோயில் பலிபீடத்தில் ஒரு கை கொட்டிவிட்டு, ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டாள். “உனுக்கும் போட்டுட்டேன், நானும் துன்றேன். சரியாப் பூச்சு.” அத்தை பத்து நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவின் பாயில் படுத்து அந்தச் சுவரைப் பார்த்தேன். அவள் அவ்வளவு பயப்பட அதில் என்ன இருக்கிறது? சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஒரு பல்லி இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் கழனிக்குப் போனோம். “இன்னாமே, திரும்பியும் வந்துட்ட?” என்றாள் அந்த அக்கா.

“வுயுந்தா நானே பூட்றேன். வுயலன்னா நடறேன்.”

எனக்கும் வேலை கிடைத்தது. உப்பு போட்ட நீர்க்கஞ்சியோடு வரப்பில் உட்கார வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் அம்மா முட்டியில் கையூன்றி நிற்பாள். நான் இருபது எண்ணியபின் நிமிர்வாள். செங்கல் சூளை, லாரி, ஓட்டல் என்று பின்னால் எங்கெங்கோ திரிந்தேன். முதல் வேலை அதுதான்.

“வாத்தியாரே, சுருக்கா எண்ணு, எங்க இடுப்பு போவுது!” என்று சிரித்தார்கள் பெண்கள். ஆனால் யாரும் அம்மாவுக்கு முன்னால் நிமிரவில்லை.

பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் அம்மா நிமிர்ந்தாள், கொஞ்சம் ஆடினாள், நின்றாள். அந்தச் சுவருக்கும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன் என்று தெரியாமல், வெறும் கிறுகிறுப்புக்கு என்று நினைத்துக்கொண்டு, சொம்பில் கஞ்சியை ஊற்றி நீட்டினேன்.