நேரத்துக்கு ஒரு மைனஸ்

ஒன்றையொன்று இழுக்கும் குட்டிக் குவாண்டம் காந்தங்களை என் மடிக்கணினிப் புரோகிராமுக்குள் வரிசையாக நிறுத்தி, ஒன்றை மட்டும் தலைகீழாக்கி, நேரத்தை ஓடவிட்டேன். எல்லாம் கலங்கி, எதைத் திருப்பினேன் என்ற தடயமே இல்லை. விடிந்தால் ஆய்வை ஒப்படைக்க வேண்டும்! புரோகிராம் பிழை, அழிக்கப்போகிறேன் என்று போனில் சொன்னதும் என்னோடு படிக்கும் தோழி தடுத்தாள்.

"அழிச்சுப்போடாதை! நேரத்துக்கு மைனஸ் போட்டு ஓடவிடு. புரோகிராம் சரியெண்டால் துவங்கின இடத்துக்கே திரும்பி வரும்."

போட்டேன். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து நான் திருப்பிய அதே காந்தம் தலைகீழாக வந்து நின்றது! நான் கத்திய கத்தலில் அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா.

"ஐயோ, என்ன பிள்ளை நடந்தது?"

"ஒண்டும் தொலையேல்லை அம்மா! எல்லாம் திரும்பி வந்திட்டுது!"

அதற்குள் கறி அடிப்பிடித்த மணம்.

"அப்ப உந்த மைனஸை என்ரை கறிக்கும் போடு" என்றா அம்மா.

கலங்கியதெல்லாம் தொலைந்ததல்ல என்று அன்றுதான் அறிந்தேன். அந்தக் கறியைத் தவிர.