இரட்டை டியூட்டி மாத்திரை

மனைவியின் இரத்தப் புற்றுக்கு எழுதிக்கொடுத்த புது மாத்திரையோடு இன்று பஸ்ஸில் வில்லியனூர் திரும்பினேன். இருப்புக் கொள்ளவில்லை. மருந்துத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

பக்கத்தில், திருபுவனை கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போகும் அம்மா. "இன்னா சார், தாளு கிழிஞ்சிடப் போவுது!"

"வீட்டுக்காரிக்கு இரத்தப் புற்றும்மா, புது மாத்திரை. உடம்பு செல்லோட உட்கருவுல புற்றைத் தடுக்கிற காவலாளுங்க இருக்காங்கம்மா. ஒரு புரதம் அவங்களை வெளியே ஏத்தினு போயிடுது. இந்த மாத்திரை அந்த வண்டியை மறிச்சிடும். ஆனா சாப்பாடு இறங்காதாம்."

"பின்னே? மாத்த ஆள் வராத அன்னிக்கு எங்களையும் ரெண்டு ஷிப்டு நிறுத்துவாங்க. எங்களுக்கும் சோறு இறங்காது. அதுக்காக கேட்டை வுட்டுட்டுப் போவோமா சார்?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சரி, ரெண்டாவது ஷிப்டுல அந்தம்மா இன்னா சாப்பிடுவாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்க மறந்துவிட்டேன். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். இன்று முதல் மாத்திரை.